அத்தியாயம் 6: முதல் ரூபாய் கூரைக்கு

பேரிடருக்குப் பின் எழுப்பும் குடிலைப் பற்றி எல்லோரும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். மழைக்கு ஒழுகுமா? காற்றுக்கு நிற்குமா? மூன்றாவது ஒரு கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. சித்திரை மாதத்தில் பகல் இரண்டு மணிக்கு அதற்குள் ஒரு கைக்குழந்தையைப் படுக்க வைக்க முடியுமா?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் எழுந்த தற்காலிகக் குடியிருப்புகள் பலவற்றுக்குக் கூரையும் சுவரும் கறுப்புத் தார் ஷீட்டுகள்தான். பனிக்காலத்தில் அவசரமாகக் கட்டியவை அவை. வெயில் காலம் வந்ததும் பகலில் உள்ளே இருக்க முடியவில்லை. பிள்ளை பெற்றவர்களும் முதியவர்களும்கூட வெளியே நிழல் தேட வேண்டியிருந்தது. சில மாதங்களுக்கு என்று போட்ட அந்தக் குடில்களில் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தன. கடலிடமிருந்து தப்பியவர்களை வெக்கையில் விட்டது கட்டியவர்களின் கல்நெஞ்சம் என்று சொல்ல முடியாது. வெப்பத்தைக் கணக்கில் எடுக்கும் பழக்கம் யாரிடமும் இல்லை. அந்தப் பழக்கத்தை உண்டாக்கவே இந்த அத்தியாயம்.

ஊராட்சிப் பொறியாளர், நிவாரணப் பணிக்குச் செல்லும் இளைஞர் குழு, தன் வீட்டைத் தானே திருப்பிக் கட்டும் குடும்பம் ஆகிய மூவருக்கும் புரியும்படி இதை எழுதுகிறேன். தென்னைநார், உமி, வைக்கோல், மண்மூட்டை, காகிதக் குழல் போன்ற எளிய பொருட்கள் வெப்பத்தை எப்படித் தடுக்கின்றன, எதை எங்கே வைக்க வேண்டும், எதை எங்கே வைக்கக் கூடாது என்பதைப் பார்க்கப் போகிறோம். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: பொருள் எது என்பதைவிட அது குடிலில் எந்த இடத்தில், எந்த வரிசையில் நிற்கிறது என்பதே வெக்கையைத் தீர்மானிக்கிறது.

வெக்கை எந்த வழியாக வருகிறது?

நம் ஊரில் சித்திரையை ஒட்டியும் ஆவணியை ஒட்டியும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த நேரத்தில் ஒரு சதுர மீட்டர் கூரையில் சுமார் 1,000 வாட் வெயில் விழுகிறது. தெற்குச் சுவருக்கும் வடக்குச் சுவருக்கும் அதில் சிறு பங்குதான். கிழக்குச் சுவர் காலையிலும் மேற்குச் சுவர் மாலையிலும் சுடும். கூரையோ நாள் முழுக்கச் சுடும். ஆகவே செலவின் முதல் ரூபாய் கூரைக்குப் போக வேண்டும், இரண்டாவது ரூபாய் மேற்குச் சுவருக்கு.

கூரையில் விழுந்த வெப்பம் மூன்று விதமாக நம்மை வந்து சேர்கிறது. முதலாவது கடத்தல்: ஷீட்டின் மேல்பக்கச் சூடு அடிப்பக்கத்துக்கு இறங்குகிறது. இரண்டாவது கதிர்வீச்சு: சூடேறிய அடிப்பக்கம், நடுவில் உள்ள காற்றைப் பொருட்படுத்தாமல், நேராக நம் தலையிலும் தோளிலும் வெப்பத்தை வீசுகிறது. தகரக் கொட்டகையில் நின்றால் உச்சந்தலை காய்வது இதனால்தான். உள்ளே காற்றின் வெப்பநிலை 37 டிகிரி என்று வெப்பமானி காட்டினாலும் உடல் அதைவிடப் பல டிகிரி கூடுதலாக உணரும். மூன்றாவது சூடான காற்று: கூரையடியில் தேங்கி, வெளியேற வழியின்றி மெல்லக் கீழே நிறைகிறது.

மூன்று வழிக்கும் மருந்து வேறு. வெயிலைத் திருப்பி அனுப்ப வெள்ளைப் பூச்சு. கடத்தலையும் கதிர்வீச்சையும் தடுக்க இடைவெளியும் காப்பு அடுக்கும். தேங்கிய காற்றுக்கு முகட்டில் திறப்பு. ஒன்றைச் செய்து மற்ற இரண்டை விட்டால் பலன் பாதியில் நின்றுவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

மனிதநேய உதவிக்கான ஸ்ஃபியர் கையேடு ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் மூடிய இடம் கேட்கிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 3 மீட்டருக்கு 6 மீட்டர், அதாவது 18 சதுர மீட்டர் குடில் என்று வைத்துக்கொள்வோம். கூரைச் சரிவைக் கணக்கில் விட்டுவிடுவோம். மேலே துருவேறிய தகரம். வெளிக்காற்று 36 டிகிரி. வெயிலின் சூட்டையும் சேர்த்தால் அந்தக் கூரை 67 டிகிரிக் காற்றின் நடுவே இருப்பதற்குச் சமம். உள்ளே 36 டிகிரியாகவே வைத்திருக்க வேண்டும் என்றால் 31 டிகிரி வித்தியாசத்தைக் கூரை தாங்க வேண்டும்.

தகரத்துக்கென்று வெப்பத் தடை ஏதும் இல்லை. அதன் மேலும் கீழும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலம்தான் ஒரே தடை. அதன் அளவு சுமார் 0.21. வெப்பநிலை வித்தியாசத்தைத் தடையால் வகுத்தால் ஒரு சதுர மீட்டர் வழியே இறங்கும் வெப்பம் வாட்டில் கிடைக்கும். அதைப் பரப்பால் பெருக்கினால் மொத்தக் கூரைக்குமான கணக்கு:

- துருவேறிய தகரம் மட்டும்: சுமார் 2,650 வாட்
- அதே தகரத்துக்கு வெள்ளைப் பூச்சு: சுமார் 770 வாட்
- பூச்சு இல்லை, அடியில் 5 செ.மீ. தென்னைநார்: சுமார் 540 வாட்
- வெள்ளைப் பூச்சும் 5 செ.மீ. நாரும்: சுமார் 155 வாட்

முதல் வரியில் உள்ள எண் ஒரே அறையில் இரண்டு மூன்று மின் இஸ்திரிப் பெட்டிகள் ஓயாமல் எரிவதற்கு ஒப்பு. கடைசி வரியில் அது பதினேழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. நாரின் கனத்தை 10 செ.மீ. ஆக்கினால் 155 இன்னும் இறங்கி 85க்கு வரும். முதல் 5 செ.மீ. 600 வாட்டுக்கு மேல் மிச்சப்படுத்தியது, இரண்டாவது 5 செ.மீ. 70 மட்டுமே. கையில் நார் குறைவாக இருந்தால் ஒரு வீட்டுக்குத் தடிமனாகப் போடாதீர்கள். இரண்டு வீட்டுக்கு 5 செ.மீ. வீதம் போடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஐந்து பேருக்கு 500 வாட். கூரையைச் சரிசெய்த பிறகு குடிலில் உள்ள பெரிய அடுப்பு அந்தக் குடும்பமேதான். அந்தச் சூடு வெளியேறக் காற்று ஓட வேண்டும். நன்றாகக் காப்பிட்டு, நன்றாக அடைத்தும் வைத்த குடில் இரவில் வெந்து போகும். கதவு, சன்னல், முகட்டுத் திறப்பு எல்லாம் சேர்த்துத் தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு திறப்பு இருக்கட்டும். 18 சதுர மீட்டருக்கு 3.6 சதுர மீட்டர்.

காப்பா, கனமா?

வெக்கையைத் தடுக்கும் பொருட்களில் இரண்டு குணங்கள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் தவறுகள் ஏராளம்.

காப்புப் பொருள் வெப்பத்தை நகரவிடாது. தனக்குள் சிறைப்பிடித்த காற்றுதான் அதன் வேலையைச் செய்கிறது. வெப்பத்தைக் கடத்தும் திறனை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். எண் சிறியதானால் காப்பு அதிகம். காய்ந்த நிலையில் சில பொருட்களின் எண்கள், ஏறக்குறைய:

- அசையாக் காற்று: 0.025
- தென்னைநார், உமி: 0.04 முதல் 0.06
- வைக்கோல் கட்டு: 0.05 முதல் 0.08
- மூங்கில்: 0.15 முதல் 0.2
- செங்கல்: 0.7 முதல் 0.8
- அடித்து இறுக்கிய மண்: 0.8 முதல் 1.2
- கான்கிரீட்: 1.5
- இரும்பு: 50

கனப் பொருள் வேறு வேலை செய்கிறது. வெப்பத்தை உள்வாங்கித் தேக்கி, தாமதமாக விடுகிறது. 20 செ.மீ. மண்சுவரில் ஒரு சதுர மீட்டரை 1 டிகிரி சூடேற்றச் சுமார் 320 கிலோஜூல் தேவை. அதே பரப்புள்ள அரை மி.மீ. தகரத்துக்கு 2 கிலோஜூல்கூட வேண்டாம். அதனால் பகல் 12 மணி வெயில் அந்த மண்சுவரின் உட்பக்கம் வந்து சேர ஆறேழு மணி நேரமாகும். 10 செ.மீ. மண்ணுக்குச் சுமார் 3 மணி நேரத் தாமதம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மண்சுவர் குளிர்ச்சி என்பது பாதி உண்மை. இரவில் வெளிக்காற்று நன்றாகக் குளிர்ந்து, அந்தக் குளிரை வீட்டுக்குள் விட்டால்தான் பகலில் உறிஞ்சிய சூட்டைச் சுவர் இறக்கிவைக்கும். வேலூர், திருச்சி போன்ற உள்மாவட்டங்களில் கோடையில் பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும். அங்கே மண்சுவர் தன் வேலையைச் செய்யும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் அந்த வித்தியாசம் குறைவு, காற்றில் ஈரமும் அதிகம். அங்கே கனத்த சுவர் மாலை முழுக்கச் சூட்டைக் கக்கித் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஆகவே ஒரு சிறு விதி. கடலோரம்: இலேசான சுவர், காப்பிட்ட கூரை, நிறையக் காற்று. உள்நாடு: பகலில் புழங்கும் இடத்துக்கு மண் அல்லது மண்மூட்டைச் சுவர், காப்பிட்ட கூரை, இரவில் திறக்கும் சன்னல். மலை: நாலு பக்கமும் காப்பு, ஏனென்றால் அங்கே பகை குளிர். மூன்று இடத்திலும் மாறாதது கூரைக் காப்பு மட்டுமே.

ஒரே குடில், மூன்று ஊர்

இந்த விதியை உலகுக்குக் காட்டியவர்களில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் முக்கியமானவர். 1995 ஜனவரியில் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியபோது காகிதக் குழல்களை வரிசையாக நிறுத்திச் சுவராக்கிக் குடில்கள் கட்டினார். பீர் பாட்டில் பெட்டிகளில் மணல் மூட்டைகளை வைத்து அடித்தளம் அமைத்தார். கூரை கூடாரத் துணி. கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே இடைவெளி விட்டு, அதன் இரு முனைகளையும் கோடையில் திறக்கவும் குளிர்காலத்தில் மூடவும் வழிசெய்தார். ஒரே இடைவெளி கோடையில் காற்றோட்டமாகவும் குளிர்காலத்தில் காப்பாகவும் மாறியது.

1999 நிலநடுக்கத்துக்குப் பின் துருக்கியில் அதே குடிலைக் கட்டியபோது குளிர் கடுமை. குழல்களுக்குள் துண்டாக்கிய கழிவுக் காகிதத்தைத் திணித்தார்கள். 2001இல் குஜராத்தின் பூஜ் பகுதியில் கட்டியபோது பீர் பெட்டிகள் இல்லை. இடிந்த வீடுகளின் கற்குவியலையே அடித்தளமாக்கி, மேலே மண்தரை போட்டார்கள். கூரைக்கு மூங்கில், அதன்மேல் இரு பிரம்புப் பாய்களும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும். பக்க முகடுகளில் இருந்த பாயின் சிறு துளைகள் வழியே காற்று ஓடியதால் உள்ளே சமைக்க முடிந்தது, கொசுத் தொல்லையும் குறைந்தது.

காகிதக் குழல் மூன்று ஊரிலும் ஒன்றுதான். ஊருக்கு ஊர் மாறியது இடைவெளி, நிரப்பு, கூரை அடுக்கு. உதவிப் பொருட்கள் ஒரே மாதிரியாக லாரியில் வந்து இறங்கினாலும், அவற்றை அந்த ஊருக்குப் பொருத்துவது உங்கள் கையில் இருக்கிறது.

பொருட்கள் ஒவ்வொன்றாக

*வெள்ளைப் பூச்சு.* இதைவிட மலிவான மருந்து இல்லை. சிமென்ட் ஷீட்டுக்கும் கான்கிரீட் தளத்துக்கும் நீற்றிய சுண்ணாம்புடன் வெள்ளை சிமென்ட், கொஞ்சம் பசை கலந்து இரண்டு பூச்சு பூசலாம். தகரத்தில் சுண்ணாம்பு ஒட்டாமல் உதிரும். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, வெளிப்புற வெள்ளை பெயிண்ட் பூசுங்கள். தூசி படியப் படியப் பலன் குறையும், ஆண்டுக்கொரு முறை கோடைக்கு முன் கழுவவோ பூசவோ வேண்டும். பழைய ஷீட் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைச் சுரண்டவோ துளையிடவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. நனைத்துவிட்டு மெல்லப் பூசுங்கள்.

*கீற்று.* பின்னிய தென்னங்கீற்று நல்ல காப்பு. அடுக்குகளுக்கிடையே காற்றும் கசியும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கூரைக்கான பொருள் இருந்தது. கீற்றைத் தனிக் கூரையாகப் போட்டால் ஓரிரு ஆண்டில் மாற்ற வேண்டும், நெருப்பு பயமும் உண்டு. தகரத்துக்கு அடியில் உட்கூரையாகப் போட்டால் மழை படாமல் நீண்ட நாள் உழைக்கும்.

*தென்னைநார்.* காய்ந்த மட்டையிலிருந்து பிரித்த நார் கூரைக் காப்புக்கு மிகவும் ஏற்றது. பூச்சி எளிதில் அரிக்காது, அமுங்கிப் போகாது. நமது 18 சதுர மீட்டர் கூரைக்கு 5 செ.மீ. போட 55 முதல் 70 கிலோ போதும். நார் பிரிக்கும்போது உதிரும் சோறு வேண்டாம். அது தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். செடிக்கு நல்லது, கூரைக்கு ஆகாது.

*உமி.* அரிசி ஆலையில் மலையாகக் குவிந்து கிடப்பது. உமியின் சாம்பல் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதில் பெரும்பகுதி சிலிக்கா. அதனால் எளிதில் அழுகாது, தீப்பிடித்தாலும் கொழுந்துவிடாமல் கனன்று பரவும். கனல் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதுவும் ஆபத்தே. இரட்டைச் சுவருக்குள் கொட்டினால் நாளாக நாளாக அமிழ்ந்து மேற்பகுதி காலியாகிவிடும். மேலே ஒரு திறப்பு விட்டு ஆண்டுக்கொரு முறை நிரப்புங்கள். நன்றாகப் புடைத்து, நெல்மணி இல்லாமல் போடுங்கள். இல்லாவிட்டால் எலி குடிவரும்.

*வைக்கோல் கட்டு.* மரம் அரிதான அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறியவர்கள் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வீடு கட்டத் தொடங்கினார்கள். 2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்துக்குப் பிறகு பாகிஸ்தானின் வடக்கு மலைக்கிராமங்களில், கையால் இயக்கும் அச்சுகளில் அமுக்கிய சிறு கட்டுகளால் வீடுகள் எழுந்தன. குளிர் மிகுந்த மலைக்கு இது அருமையான சுவர். நம் கடலோரத்துக்கு இவ்வளவு தடிமன் தேவையில்லை, ஈரமும் பகை. டெல்டா வயல்களில் இயந்திரம் சுருட்டும் கட்டுகள் பெரும்பாலும் உருளை வடிவம், சுவராக அடுக்க உதவாது. பிரித்து, உட்கூரைக்கு மேல் பரப்பப் பயன்படுத்தலாம்.

*மண்மூட்டை.* சாக்கில் மண்ணை நிரப்பி, வரிசைக்கு வரிசை முள்கம்பி விரித்து அடுக்கும் முறையைப் பரவலாக்கியவர் ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலி. 1995இல் ஈரானின் குஜஸ்தானில் அகதிகளுக்காக ஐ.நா. அமைப்புகள் இம்முறையில் 15 குவிமாடக் குடில்கள் கட்டின. மண் நிரப்பினால் இது கனப் பொருள், உமி நிரப்பினால் காப்புப் பொருள். ஒரே சுவரில் கீழே மண்ணும் மேலே உமியும் நிரப்பிய மூட்டைகளை வைக்கலாம். உரச்சாக்கு வெயிலில் சில மாதங்களிலேயே இற்றுப்போகும். அடுக்கிய கையோடு மண்பூச்சு பூசிவிடுங்கள்.

*பிளாஸ்டிக் பாட்டில்.* அல்ஜீரியாவின் திந்தூஃப் அருகே உள்ள சஹ்ராவி அகதி முகாம்களில், அங்கேயே பிறந்த பொறியாளர் தத்தே லெஹ்பிப் பிரெய்கா, மணல் நிரப்பிய பாட்டில்களால் வட்ட வீடுகள் கட்டினார். ஒரு வீட்டுக்குச் சுமார் 6,000 பாட்டில்கள். அது பாலைவனம். இரவு குளிரும் இடத்தில் மணலின் கனம் பயன்தருகிறது, வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்புகிறது. அதே சுவரை நம் கடற்கரையில் எழுப்பினால் உழைப்பு மிகும், பலன் குறையும்.

*தார்பாய்.* ஈழத்தில் தறப்பாள் என்பார்கள். 2009இல் வவுனியா செட்டிகுளத்தின் மெனிக் ஃபாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ நேர்ந்தபோது பலருக்குத் தறப்பாளும் தகரமுமே தலைக்கு மேல் இருந்தன. தார்பாய் மழையைத் தடுக்கும், வெப்பத்தை அறவே தடுக்காது. அதன்மேல் ஒன்றரை அடி உயரத்தில் இன்னொரு விரிப்பையோ தோட்டக்காரர்கள் போடும் நிழல்வலையையோ இழுத்துக் கட்டுங்கள். வெயில் மேலடுக்கில் நிற்கும், நடுவில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோகும். இடைவெளி இல்லாமல் இரண்டு விரிப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் பலன் சொற்பம்.

கூரைக்கு அடியில் காப்பு போடும் முறை

தகரக் கூரை ஏற்கெனவே போடப்பட்ட குடிலுக்கு, நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரே நாளில் முடியும் வேலை இது.

1. தகரத்தின் மேல்பக்கத்தை வெள்ளையடியுங்கள். ஆணித்துளைகள் ஒழுகினால் முதலில் அடையுங்கள். ஒழுகும் கூரைக்கு அடியில் எந்தக் காப்பும் நிற்காது.

2. தகரத்துக்கு ஒரு சாண் கீழே, சவுக்குக் கழி அல்லது பிளந்த மூங்கிலை இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்கே கட்டுங்கள். தேங்காய்நார்க் கயிறு போதும். மூலைகளில் மட்டும் கட்டுக்கம்பி.

3. அதன்மேல் கோரைப்பாய், கீற்று, தட்டி, பிரித்த சாக்கு என்று கிடைத்ததை விரியுங்கள்.

4. அதன்மேல் காய்ந்த தென்னைநாரை 5 செ.மீ. கனத்தில் பரப்புங்கள். உமி என்றால் அரிசிச் சாக்கில் தளர்வாக நிரப்பி, கோணி ஊசியால் தைத்து, தலையணைபோல் தட்டையாக்கி நெருக்கமாக அடுக்குங்கள். மூலைகளில் சந்து விடாதீர்கள்.

5. காப்புக்கும் தகரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்காதீர்கள். தாழ்வாரப் பக்கமும் முகட்டுப் பக்கமும் அது திறந்திருக்கட்டும். எலி, பறவை நுழையாமல் வலை கட்டுங்கள்.

6. அலுமினியத் தாள் கிடைத்தால் காப்பின் மேல், பளபளப்பான பக்கம் இடைவெளியைப் பார்க்கும்படி விரிக்கலாம். அது தகரத்தைத் தொட்டால் கதிரைத் தடுக்கும் குணம் போய்விடும்.

7. உட்கூரைக்குக் கீழேயும் சுவரின் உச்சியில் திறப்பு விடுங்கள். வெப்பமான பகுதிகளில் கூரையின் உயர்ந்த இடம் 2.6 மீட்டராவது இருக்க வேண்டும் என்று ஸ்ஃபியர் சொல்கிறது. உட்கூரை போட்ட பிறகும் அந்த உயரம் மிஞ்சுகிறதா என்று முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு முழம் தள்ளி ஒரு தட்டியோ கீற்று மறைப்போ வையுங்கள். சூட்டைச் சுவர் வாங்கும் முன்பே தடுப்பது, வாங்கிய பிறகு தடுப்பதைவிடச் சுலபம். உள்மாவட்டங்களில் காற்று வரும் சன்னலில் ஈரச்சாக்கு தொங்கவிட்டாலும் பலன் உண்டு. கடலோரத்தில் அது ஈரத்தைக் கூட்டிப் புழுக்கத்தை அதிகமாக்கும்.

நான்கு பகைகள்

*தீ.* 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. ஓலை, நார், வைக்கோல் ஆகியவற்றைப் பரிந்துரைக்கும் எவரும் அந்தக் குழந்தைகளை மறந்துவிட்டு ஒரு வரியும் எழுதக் கூடாது. அடுப்பைக் குடிலுக்கு வெளியே தனியே, தகரக் கூரையின் கீழ் வையுங்கள். உட்கூரையின் அடிப்பக்கத்துக்கு மண்ணும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு கொடுங்கள். மின்கம்பியைக் குழாய்க்குள் கொண்டுசெல்லுங்கள், காப்புக்குள் புதைக்காதீர்கள். ஒவ்வொரு குடிலுக்கும் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு வாசல் வேண்டும். குடில்களுக்கு நடுவே குறைந்தது 2 மீட்டர், முடிந்தால் குடிலின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளியும், 300 மீட்டருக்கு ஒருமுறை 30 மீட்டர் வெற்றிடமும் விடச் சொல்கிறது ஸ்ஃபியர். பூச்சு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று: 2006இல் அமெரிக்காவில் நடந்த தீச்சோதனையில் மண் பூசிய வைக்கோல் கட்டுச் சுவர் 1 மணி நேரமும் சிமென்ட் பூசியது 2 மணி நேரமும் தாங்கின. பூச்சில்லாத தளர்ந்த வைக்கோலுக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் எரியும் பொருளில் கூரையோ உட்கூரையோ போடாதீர்கள். அங்கே வெள்ளைப் பூச்சும் காற்றோட்டமும் போதுமானவரை உதவும்.

*ஈரம்.* தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நனைந்த நார் காப்பு இல்லை, பூஞ்சையின் வீடு. வைக்கோலில் ஈரம் எடையில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20ஐத் தாண்டவே கூடாது. இரவில் தெளிந்த வானத்தைப் பார்க்கும் தகரம் காற்றைவிடக் குளிர்ந்து, விடியலில் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். இடைவெளியில் காற்று ஓடினால் அது பகலில் உலர்ந்துவிடும்.

*கறையான்.* சுவரின் அடிப்பகுதியை முழங்கால் உயரம் கல்லிலோ மண்மூட்டையிலோ கட்டுங்கள். மூங்கிலையும் பாயையும் 100 லிட்டர் நீரில் போராக்ஸ், போரிக் அமிலம் இரண்டும் சேர்த்து 5 கிலோ கரைத்த கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். மழை பட்டால் இந்த மருந்து கரைந்து போகும், ஆகவே நனையாத பாகங்களுக்கு மட்டுமே.

*காற்று.* காப்பைக் கூரைக்கு மேல் போடுவது சுலபம், புயலில் முதலில் பறப்பதும் அதுதான். அடியில் போடுங்கள். நிழல்வலையைப் புயல் எச்சரிக்கை வந்த உடனே அவிழ்க்கும்படி முடிச்சிடுங்கள். அவிழ்க்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

அளந்து பாருங்கள்

கட்டியவர் சொல்வதை நம்பாதீர்கள், நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டு குடில்களைத் தேர்ந்தெடுத்து ஒன்றில் மட்டும் காப்பு போடுங்கள். இரண்டிலும் தரையிலிருந்து நாலடி உயரத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டு, காலை 6, பகல் 2, மாலை 5, இரவு 9 மணிக்குக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே நிழலில் மூன்றாவது வெப்பமானி ஒன்று இருக்கட்டும்.

காற்றின் வெப்பநிலை மட்டும் போதாது, கதிர்வீச்சையும் அளக்க வேண்டும். ஒரு டேபிள் டென்னிஸ் பந்துக்கு மங்கலான கறுப்பு வண்ணம் பூசி, துளையிட்டு, வெப்பமானியின் முனையை நடுவில் செருகி அடைத்தால் அதற்கான கருவி தயார். அந்தப் பந்து காட்டும் வெப்பநிலைக்கும் காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் உச்சந்தலை உணரும் வெக்கை. கூரை சரியாக வேலை செய்தால் பகல் 2 மணிக்கு இரண்டும் நெருங்கி நிற்கும். தொடாமலே வெப்பநிலை காட்டும் அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கியால் கூரையை அளப்பவர்கள் பளபளக்கும் தகரத்தை நேரடியாகக் குறிவைக்கக் கூடாது, குறைத்துக் காட்டும். தகரத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதைக் குறிவையுங்கள்.

எண்களோடு ஆட்களையும் கேளுங்கள். பகலில் உள்ளே இருப்பது யார், எங்கே படுக்கிறார்கள், எப்போது எழுந்து வெளியே போகிறார்கள்? குடிலில் அதிக நேரம் இருப்பவர் கைக்குழந்தைக்காரரும் நோயாளியும் முதியவரும்தான். அவர்களிடம் கேட்காத அளவீடு முழுமையானது அல்ல.

பணத்துக்கேற்ற வரிசை

கையிருப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் கீழ்க்கண்ட வரிசையில் செலவிடுங்கள். மேலே உள்ளதை முடிக்காமல் கீழே இறங்காதீர்கள்.

1. ஒழுகலை அடைப்பது, அடுப்பை வெளியே மாற்றுவது, இரண்டாவது வாசல்.
2. கூரைக்கு வெள்ளைப் பூச்சு.
3. முகட்டிலும் சுவருச்சியிலும் திறப்பு.
4. உட்கூரையும் 5 செ.மீ. காப்பும்.
5. மேற்குச் சுவருக்கு வெளி மறைப்பு.
6. வாசலில் நிழல்: ஒரு சிறு பந்தல், கூடவே ஒரு முருங்கைக் கிளையோ அவரைக் கொடியோ.
7. உள்மாவட்டமானால் மண்சுவர், மலையானால் சுவர்க் காப்பு.

இந்த ஏழில் முதல் நான்கும் எந்தத் தற்காலிகக் குடிலுக்கும் அடிப்படை உரிமை என்றே நான் கருதுகிறேன். உங்கள் மாவட்டத்தில் பேரிடர்த் தயாரிப்புப் பட்டியல் எழுதும்போது அரிசி, தார்பாய், மெழுகுவத்தி ஆகியவற்றுக்கு அடுத்து வெள்ளை பெயிண்ட், தென்னைநார், சவுக்குக் கழி, கோணி ஊசி ஆகிய நான்கையும் சேருங்கள். நார் எந்த ஊர்க் கயிற்று ஆலையில் கிடைக்கும், உமி எந்த அரிசி ஆலையில் கிடைக்கும் என்று புயல் பருவத்துக்கு முன்பே விசாரித்து எழுதிவையுங்கள். குடில் ஐப்பசி கார்த்திகையில் எழும், சோதனை சித்திரையில் வரும். அந்த ஆறு மாத இடைவெளிக்குள் கூரையைச் சரிசெய்துவிட்டால் போதும்.